இருபத்திரண்டு லாரியும் ஒரு ராகுகாலமும்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது சரியாக ஆறு மாதம், ஒரு நாள் குறைவாக. அந்தக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்குப் பயிற்சி வேலை. ஆறு மாதம் தப்பில்லாமல் ஓட்டிவிட்டால் நிரந்தரம். லோடு ஏற்றும் இடம், எடைமேடை, வெளி கேட் என்று மூன்று இடத்தில் மூன்று கம்ப்யூட்டர். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, ஜோசியர் மூவரும் சரி என்றால்தானே கல்யாணம்? அதே மாதிரி மூன்றும் சரி சொன்னால்தான் ஒரு லாரியின் பதிவு முடியும். அதுவரை 'காத்திருப்பு' என்று காட்டும். நிலவரம் பார்க்க ஒரு கமாண்ட், நின்றுபோனதை ரத்து செய்ய இன்னொன்று. இரண்டும் என் கையில் இருந்ததால் கலெக்டர் ஆகிவிட்ட நினைப்பு எனக்கு (வயசு இருபத்திரண்டு, மன்னித்துவிடுங்கள்).

அன்று காலை எங்கள் இன்ஜினியர் சார் அரியலூர் கிளம்பினார். "ஒரு மணிக்கு வந்துடுவேம்மா. ஏதாச்சும்னா போன் பண்ணு. சாயந்தரம் உன் பேப்பர்ல கையெழுத்துப் போடணும்."

பதினொரு மணிக்கு நிலவரம் பார்த்தேன். ஏழு லாரி, ஏழும் கேட்டில் காத்திருப்பு. மறுபடி பார்த்தேன், பன்னிரண்டு. முப்பது தடவையாவது அந்தக் கமாண்டைப் போட்டிருப்பேன். போடப் போடக் கூடியதே தவிர ஒன்றும் குறையவில்லை. சாருக்குப் போன் பண்ண ரோஷம் விடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் உண்டு, திறந்தால் கேட் தெரியும். கம்ப்யூட்டர் படித்தவள் ஜன்னலைத் திறந்தா பார்ப்பாள்?

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். கம்ப்யூட்டர்தான் மாட்டிக்கொண்டது என்று முடிவு கட்டி, இருபத்திரண்டு லாரியின் பதிவையும் ரத்து செய்தேன். திரை சுத்தமானது. அப்பாடா என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஹாரன் காதைப் பிளந்தது. ஓடினேன். வரிசையின் முதலில் மாலை போட்ட புது லாரி. சக்கரத்தடியில் நசுங்கக் காத்திருக்கும் எலுமிச்சம்பழம். டிரைவர் சீட்டில் தா.பழூரில் இருக்கும் என் தாய்மாமா!

"உங்க வண்டில சிமெண்டே ஏத்தலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுங்க" என்றார் கேட் காவலாளி.

"பின்ன உள்ள இருக்கறது என்ன, தவுடா?"

"ஏன் மாமா இவ்ளோ நேரம் வழிய மறிச்சு நின்னீங்க?" என்று கத்தினேன்.

"அடியே, முந்தாநாள் நீதானடி போன்ல சொன்ன! வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகுகாலம், மொத லோடோட கேட்டத் தாண்டாதீங்கன்னு!"

சொன்னது நானேதான். காலண்டரைப் பார்த்துச் சொன்னதும் நான், மறந்துபோனதும் நான். புது வண்டி, முதல் லோடு என்றால் எங்கள் பக்கம் பின்னால் நிற்பவர்கள் ராகுகாலம் முடியும்வரை ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள். காவலாளியும் மாமாவோடு சேர்ந்து பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்திருக்கிறார்.

இருபத்திரண்டு லாரியும் மறுபதிவுக்காக எடைமேடைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அத்தனை நேரம் பார்த்துக் காத்திருந்த மாமாவின் புது வண்டி, ராகுகாலம் முடிந்து முதன்முதலில் நகர்ந்தது பின்பக்கமாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சார் வந்தார், நடந்ததையெல்லாம் கேட்டார், திட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, "முப்பது தடவ கமாண்ட் போட்ட. ஒரு தடவ எட்டிப் பாத்தியாம்மா?" என்றார். கையெழுத்து இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போனது. ஜன்னலைச் சாத்தாமலே அந்த ஆறு மாதத்தையும் ஓட்டி, வேலையை வாங்கினேன்.

மாமா மட்டும் விடவில்லை. என் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம், மேளச் சத்தத்துக்கு நடுவே காதருகில் குனிந்தார்.

"தல குனிஞ்சே உக்காராத. மாப்ள பக்கத்துலதான் இருக்காரான்னு ஒரு தடவ எட்டிப் பாத்துக்க. பாக்காம ரத்து பண்ணிடாத தாயி!"

கல்யாண போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.