கை நனையாத மெக்கானிக்

நம் பக்கத்தில் இஞ்சின்கள் குறைவு. இஞ்சின் தெரிந்தவர்கள் அதிகம். அவர்களில் ஓர் இனத்தாரை மட்டும் இங்கே காட்டுகிறேன். இவர் எந்த இஞ்சினையும் தொட மாட்டார். தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டும். தவிர, தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு மெக்கானிக் இருக்கிறானே, இவர் எதற்கு?

பஸ் நின்றுபோன பாலத்தில், பம்பு செட்டு மூச்சு வாங்கும் கிணற்று மேட்டில், சர்க்கார் மோட்டார் படகு கொடுக்கத் தொடங்கியபின் கடற்கரையிலும் இவரைப் பார்க்கலாம். "எத்தனை குதிரை?" என்று இஞ்சினின் சக்தியைக் கேட்பார் முதலில். எட்டு என்றால் "அதான்!" என்பார். பத்து என்றாலும் "அதான்!" பிறகு எவனாவது கழற்றிக் கொடுத்த ஒரு நட்டை வேட்டி நுனியால் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "ம்ம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்த "ம்ம்" போதும். சுற்றி நிற்கிற இருபது பேரும் தலையாட்டுவார்கள்.

கோட்டைப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்தவர் ஆத்மநாதன். பொன்னமராவதியில் அரிசி ஆலைக்கு எதிர்வீட்டில் எட்டு வருஷம் குடியிருந்தவர். இஞ்சின் ஞானத்துக்கு வேறென்ன படிப்பு வேண்டும்?

ஒரு நாள் காலை, கட்டுமரத்தில் வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். முதல் நாள் தனியே போன வீரய்யாவின் வள்ளம் தூரத்தில் கிடக்கிறது. பலகை விட்டுத் தண்ணீர் ஏறுகிறது. வீரய்யா இறைத்துக்கொண்டே இருக்கிறார். காற்று செத்துவிட்டது, நீரோட்டம் எதிரே இழுத்தது, கிட்டப் போக முடியவில்லை. பாயை நம்பிப் பயனில்லை. ஊரில் வெள்ளைச்சாமிக்குச் சர்க்கார் கொடுத்த மோட்டார் படகு ஒன்றுதான் வழி.

படகு கிளம்பிற்று. கால் மைல் போவதற்குள் இஞ்சின் கொதித்து, புகை கக்கி, துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தது. கரையில் ஆத்மநாதன் காத்திருந்தார்.

படகோட்டி மதுரைவீரன் சொன்னான்: "அண்ணே, பக்கத்துக் குழாயில தண்ணி துப்பலண்ணே. இஞ்சினக் குளுத்துற தண்ணி ஏறல. அடியில போயிப் பாத்துட்டு வாரேன்."

ஆத்மநாதன் சிரித்தார். "கேட்டீங்களாப்பா? படகு மெதக்கிறது கடல்ல. சுத்திலும் தண்ணி. இவன் இஞ்சினுக்குத் தண்ணி பத்தலங்கிறான்!"

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பின் மதுரைவீரன் எப்படிக் குதிப்பான்? எண்ணெய் இளகிவிட்டது என்றார் ஆத்மநாதன், மாற்றினார்கள். தண்டு இறுகிவிட்டது என்றார், தளர்த்தினார்கள். புது இஞ்சின் இளஞ்சூட்டுக்குப் பழகவில்லை, ஆற விட வேண்டும் என்றார். வெயிலில் ஆற விட்டார்கள். கழற்றிய சாமான்களைச் சாக்கில் பரப்பி, ஆளுக்கொன்றாய் எடுத்து, கையில் கனம் பார்த்து, அடுத்தவரிடம் கொடுத்தார்கள், சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல. ஒருவர், "நம்ம மச்சினன் லாரியில இப்படித்தான்..." என்று ஆரம்பித்து, லாரியை மதுரைவரை ஓட்டிப் போய்த் திரும்பிக் கொண்டுவந்தார். இடையில் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு தரமும் கொதித்தது. "நான் நெனச்சபடியே கொதிக்குது" என்றார் ஆத்மநாதன், திருப்தியாக.

உச்சி வெயில் சாய்ந்தது. வீரய்யாவின் மனைவி இன்னாசியம்மாள் அதுவரை கடலைப் பார்த்தே நின்றாள். இப்போது திரும்பினாள்.

"ஐயா, நீங்க பேசி முடிச்சிட்டே வாங்க. அங்கிட்டு ஒரு ஆளு எறைச்சுக்கிட்டு நிக்கிது. மதுரைவீரா, நீ குதிப்பா."

"பொறு ஆத்தா, இது இஞ்சின் விவகாரம்..." என்றார் ஆத்மநாதன்.

மதுரைவீரன் குதித்துவிட்டான். படகின் அடியில், தண்ணீரை உறிஞ்சும் வாயில், தலைமுடிபோலச் சுருண்டு அடைத்திருந்தது கடற்புல். கத்தியால் அறுத்து, ஒரு கைப்பிடி மேலே எறிந்தான். ஏறி வந்து இஞ்சினை முடுக்கியதும் பக்கத்துக் குழாய் பீறிட்டது. குதித்தது முதல் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷத்துக்குமுன் நான்கு மணி நேரம் போயிருந்தது.

வள்ளம் கிடைத்தது. விளிம்புவரை தண்ணீர். இறைக்கிற ஓலைப்பட்டை உள்ளேயே மிதந்தது. வீரய்யா இல்லை.

ஏழாம் நாள் செபத்துக்கு ஆத்மநாதன் வெளுத்த துண்டோடு வந்தார். "ஆயுசு அவ்வளவுதான் ஆத்தா" என்று இன்னாசியம்மாளிடம் சொன்னார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்தி, "எட்டுக் குதிரை பத்தாதுன்னு அன்னைக்கே சொன்னேன், எவன் கேட்டான்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார்.

உங்களுக்கு ஆத்திரம் வருகிறது, இல்லையா? மதுரைவீரன் வாயைத் திறந்தபோதே, 'அடியில்தான் அடைப்பு, இதுகூடவா தெரியவில்லை?' என்று உங்களுக்குப் பட்டிருக்கும். 'நான் மட்டும் அங்கே இருந்திருந்தால்' என்றுகூடத் தோன்றியிருக்கும். முதல் ஆளாய் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். ஆம், சொல்லியிருப்பீர்கள். வாருங்கள், அந்தக் கரையில் இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.