ஒன்றேகால் ரூபாய் மழை

மழையின் விலை ஒன்றேகால் ரூபாய். வெயிலும் அதே விலைதான். பேரம் கிடையாது என்று பலகையில் எழுதியிருந்தது. இலுப்பூர்ச் சந்தையில் பேரமில்லாமல் விற்ற முதல் சரக்கு அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, ஐப்பசி பிறந்த அன்று, சந்தைக்கு எதிரே காலியாகக் கிடந்த கடையில் புரொபசர் ஏகாம்பரம் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். ஆளைவிட உயரமான இரும்புப் பீரோ. முகமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள். சீட்டைப் போட ஒரு துவாரம், அட்டை வெளியே வர ஒரு துவாரம்.

"அமெரிக்காவில் ராக்கெட் விடுகிற மூளை இது. வருகிற வியாழக்கிழமை மழையா என்று சொல்லாதா?" என்றார். ஊர் தலையாட்டியது. ராக்கெட்டை எதிர்த்து என்ன பேசுவது?

ஒரே வாரத்தில் தெரு அடைத்துக்கொண்டது. செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். யாரோ பீரோவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் மாலை விழுந்தது. அதற்கும் மறுநாள் கண்ணேறு பட்டிருக்கும் என்று பூசணிக்காய் உடைத்தார்கள். விஞ்ஞானம் வளர வேண்டியதுதான். அதன் நெற்றியில் குங்குமமுமா வளர வேண்டும்?

கடலை மண்டி ஆண்டியப்பனுக்கு முப்பது வருஷமாக மழை சொன்னது அவருடைய இடது முழங்கால்தான். ஊரே அந்த முழங்காலைக் கேட்டுத்தான் களத்தில் கடலை காயப்போடும். இப்போது அவருக்கே அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

"சுள்ளு சுள்ளுன்னு குத்துதுப்பா. ஆனா கம்பூட்டரு வெயிலுங்குது. மொழங்காலுதான் தப்புப் பண்ணுது" என்று சொல்லி, தைலம் வாங்கப் போனார்.

இருபதாம் நாள் காலையில் பிச்சையம்மாள் வந்தாள். ஒரு ஏக்கர் மானாவாரிக் கடலை. அவள் வீட்டுக்கு வருஷச் சோறு அதுதான். பிடுங்கிக் காயப்போட்ட பிறகு மழை பிடித்தால் காய் கறுத்து முளைவிடும். நாளைக்குப் புதன்கிழமை, பிடுங்கலாமா? பல்புகள் மின்னின. அட்டை வந்தது: 'வியாழன், வெயில்.'

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவள், வழியில் மலையாண்டியைப் பார்த்தாள். அவள் கடலைக் கொல்லைக்கு அடுத்தது அவன் வயல், நடுவில் ஒரே ஒரு வரப்பு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்தவன். அவன் கையிலும் அட்டை இருந்தது: 'வியாழன், மழை.'

நேரே திருப்பதியிடம் போனாள். தாலுகா ஆபீசில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, எத்தனை மழை என்று நோட்டில் எழுதுகிறவர் அவர்.

"ஏண்ணே, வரப்புக்கு இங்கிட்டு வெயிலு, அங்கிட்டு மழையாம். மேகத்தையும் பாகம் பிரிச்சா விடுவாக?"

திருப்பதி நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கினார். "எனக்கு நேத்துப் பெஞ்சதுதாம்மா தெரியும். கம்ப்யூட்டர்னு நெசமாவே ஒண்ணு இருக்கு, இல்லேங்கலை. அதுவும் நாம குடுக்குற கணக்கைத்தானே போடும்? இந்த ஊர்ல மழை அளக்குறவன் நான் ஒருத்தன். இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு எண்ணு கேட்டதில்லை. பெறகு அது எதைக் கூட்டுது, எதைக் கழிக்குது?"

இருவரும் புறப்பட்டார்கள். வாசலில் உட்கார்ந்து ஏகாம்பரம் ஒவ்வொருவரையும் "என்ன வெள்ளாமை?" என்று அன்பாக விசாரித்துச் சீட்டுக் கொடுப்பதைத் திருப்பதி கொஞ்ச நேரம் கவனித்தார். சிலருக்கு வெள்ளைச் சீட்டு, சிலருக்கு மஞ்சள். பிச்சையம்மாளின் காதில் ஏதோ சொன்னார்.

காலையில் வந்த முகம் புரொபசருக்கு ஞாபகமில்லை. "என்ன வெள்ளாமைம்மா?"

"நாத்தங்காலுங்க. தண்ணி இல்லாமக் காயுது."

மஞ்சள் சீட்டு. பல்புகள் மின்னின. அட்டை: 'வியாழன், மழை.'

பிச்சையம்மாள் இரண்டு அட்டைகளையும் தூக்கிப் பிடித்தாள். "அதே கொல்லை, அதே வியாழக்கெழமை. காலையில வெயிலு, இப்ப மழை. எதுங்க நெசம்?"

ஏகாம்பரம் அசரவில்லை. "காற்று மாறிவிட்டது. மெஷின் யோசித்து மாற்றிச் சொல்கிறது."

"பெரிய மூளை, யோசிக்காதா?" என்றது கூட்டம். அவர்களுக்கு ஒரே நிம்மதி. அது யோசிக்கிறதாமே, இனி நமக்கெதற்கு அந்த வேலை!

கூட்டத்தில் மண்டிக் குத்தூசியும் கையுமாக நின்ற ஆண்டியப்பன் பக்கம் திருப்பதி திரும்பினார். "மண்டிக்கு மூட்டை வந்தா மொதல்ல என்ன செய்வீங்க?"

"குத்தூசியை விட்டு உள்சரக்கை எடுத்துப் பாப்பேன்."

"அமெரிக்காக்காரன் மூட்டையா இருந்தா?"

"எவன் மூட்டையா இருந்தா என்னய்யா? குத்திப் பாக்காம எடுக்குறவன் ஒரு யாவாரியா?" என்று சீறியவர் அப்படியே நின்றார். தன் கையிலிருந்த குத்தூசியைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். நொண்டிக்கொண்டே போய், சீட்டுத் துவாரத்தில் மெதுவாக ஒரு குத்து.

"ஆத்தாடீ!" என்று அலறியது கம்ப்யூட்டர்.

பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே கோவணத்தோடு, வேர்வையில் குளித்தபடி, புரொபசரின் மச்சினன் மூக்கன். ஒரு கையில் பல்பு சுவிட்சு. மடியில் இரண்டு அட்டைக் கட்டு: மஞ்சள் சீட்டு வந்தால் மழை, வெள்ளைச் சீட்டு வந்தால் வெயில். கண் கூசிக்கொண்டே முதலில் அவன் கேட்டது இதுதான்:

"அண்ணே, வெளிய மழையா, வெயிலா?"

ஊர் சிரித்து முடிப்பதற்குள் புரொபசர் கீரனூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். மச்சினனைக்கூட ஏற்றிக்கொள்ளவில்லை.

பிச்சையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "நான் இப்ப என்னண்ணே செய்ய? பிடுங்கவா, வேணாமா?"

"தெரியாதும்மா" என்றார் திருப்பதி. இருபது நாளில் அந்தக் கடையில் ஒலித்த முதல் உண்மை அது. நோட்டைப் புரட்டினார். "நாலு நாளாச் சாயங்காலம் சாயங்காலம் ரெண்டு தூறல் விழுந்திருக்கு. நானா இருந்தா கால்வாசி பிடுங்குவேன். அதை மூடப் படுதாவும் வச்சுக்குவேன். மிச்சம் மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும்."

வியாழன் சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டது. கால்வாசிக் கடலை படுதாவுக்கடியில் தப்பியது, முக்கால்வாசி மண்ணுக்குள் தப்பியது. மறுநாள் சந்தையில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள்: "என்ன இருந்தாலும் ரெண்டு அட்டையில ஒண்ணு பலிச்சிருச்சு பாத்தியா!"

திருப்பதியின் நோட்டில் கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது.

இருபது நாள் கணக்கு. ஆண்டியப்பன் முழங்கால்: சரி பதினொன்று, தப்பு ஒன்பது. கம்ப்யூட்டர்: தினமும் இரண்டையும் சொன்னதால் சரி இருபது, தப்பு இருபது; கணக்கு நேர். கடலை மூட்டையைக் குத்திப் பார்க்கிற ஊர், குத்திப் பார்க்காமல் கும்பிட்ட நாள்: இருபது. யோசித்த நாள்: ஒன்று. பாக்கி பத்தொன்பது.