முழு மண்வெட்டி

“எனக்கு ஒரு முழு மண்வெட்டி வேணும்.”

களப்புக்கரை நாட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வேலை கேட்கலாம், கிடைக்காது. போரில் காணாமற்போன தம்பியைக் கேட்கலாம்; ஓர் ஆணைக்குழு வந்து, கேட்டவரின் பெயரை எழுதிக்கொண்டு போகும். முழு மண்வெட்டியை மட்டும் கேட்கக்கூடாது. அது சட்டம். சுகிர்தாவின் தாய் அருந்தவம் அதைச் சட்டத்துக்கு முன்பிருந்தே சொல்லி வளர்த்தவள். “நான் பிடிச்ச மண்வெட்டி போதும். நீ படிக்கிற பிள்ளை. அந்தச் சொல்லே உன்ர வாயில வரப்படாது” என்பாள். சட்டம் வந்த பிறகும் அதையேதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது ஒரு தரம் கூரையை நிமிர்ந்து பார்த்துக்கொள்வாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளை, சமரச மண்டபத்தின் நடுவில், முழங்கால் வரை சேறு காய்ந்த பாவாடையோடு நின்று, இரண்டு அமைச்சர்களின் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள்.

தகட்டு அமைச்சர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிடி அமைச்சர் தம் கோப்பையை மேலே எடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு.

அந்த ஒப்பந்தம் வந்த கதையைச் சொல்லியாகவேண்டும்.

உவர்நீர் தேங்கும் களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. கோடையில் கடல் அதைக் கட்டும். மாரியில் ஆறுகள் இறங்கிக் களப்பை நிரப்பும். உரிய நாளில் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போகும். வெட்டாவிட்டால் வீட்டுக்குள் வரும். வயல் செய்கிற கழனியார் சீக்கிரம் வெட்டு என்பார்கள். மீன் பிடிக்கிற தோணியார், இறால் கொழுக்கட்டும், பொறு என்பார்கள். வருசா வருசம் இதில் ஒரு சண்டை. ஏசி, முறைத்து, ஒருவர் இடுப்புச் சாரத்தை ஒருவர் பிடித்து இழுத்து, கடைசியில் ஒரு நாளுக்கு ஒத்துவந்து, இரண்டு சனமும் மண்வெட்டிகளோடு திட்டுக்குப் போகும். முதல் வெட்டு கழனியாருடையது, கடைசி வெட்டு தோணியாருடையது. தண்ணீர் பாய்ந்ததும் அங்கேயே அடுப்பு மூட்டி, இவர்கள் சோற்றுக்கு அவர்கள் மீனைக் காய்ச்சித் தின்றுவிட்டு, மறுபடி ஏசிக்கொண்டே வீடு திரும்புவார்கள்.

பிறகு போர் வந்தது. அது மேட்டுநகரில் இருந்த பேரரசருக்கு எதிராகத் தொடங்கிய போர். நடுவில் எப்படியோ கழனியாரும் தோணியாரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். பேரரசர் வென்றார். வென்றவர் மிகவும் வருந்தினார். இந்தச் சனங்கள் எதனால் வெட்டிக்கொண்டார்கள் என்று ஆராய ஓர் ஆணைக்குழுவை அனுப்பினார். நீண்ட ஆய்வுக்குப் பின் ஆணைக்குழு, “மண்வெட்டியால்” என்று அறிக்கை கொடுத்தது.

ஆகவே நாட்டிலிருந்த மண்வெட்டிகள் எல்லாம் சேகரிக்கப்பட்டுக் கழற்றப்பட்டன. அதிகாரப் பகிர்வு நடந்தது. தகடு கழனியாருக்கு, பிடி தோணியாருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைச்சு, ஒரு கொடி, முன்னும் பின்னும் ஓடுகிற வாகனங்கள். தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று உப்பளத்தார் உண்ணாவிரதம் இருந்தபோது, மண்வெட்டியின் நிழல் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிழல் அமைச்சர் வெயில் காலத்தில் கடுமையாக உழைத்தார். மாரியில் விடுமுறை எடுத்தார்.

நியமனங்களில் குறை சொல்ல இடமில்லை. தகட்டுத் துரு நீக்கல் பணிப்பாளராக அமைச்சரின் மச்சான் வந்தார். பிடி வழவழப்பு ஆணையாளராக, போரில் மூன்று தரம் கட்சி மாறிய ஒருவர் வந்தார். ஒவ்வொரு மாற்றமும் ஓர் அனுபவமாகக் கணிக்கப்பட்டது. பிடி வீங்கிப்போகாமலும் தகடு துருப்பிடிக்காமலும் நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தன. திட்டு மட்டும் வெட்டப்படவில்லை.

வெள்ளம் வந்தது. கழனியார் ஊரில் இடுப்பளவு, தோணியார் ஊரில் கணுக்காலளவு. இது அநீதி என்று தகட்டு அமைச்சர் மேசையில் அடித்தார். வெள்ளச் சமநீதிச் சட்டம் வந்தது. அதன்படி தோணியார் ஊரின் காப்புச்சுவர் உடைக்கப்பட்டது. இப்போது இரண்டு ஊரிலும் இடுப்பளவு. அடுத்த மாரியில் நிவாரணம் பகிரப்பட்டது: கழனியாருக்கு அரிசி, தோணியாருக்கு அடுப்பு. ஒரு சனம் மற்றச் சனத்திடம் போய் வாங்குவதும் கொடுப்பதும் முன்னனுமதியின்றித் தடை. கழனியார் அரிசியை ஊறவைத்துத் தின்றார்கள். தோணியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளத்தில்தான் இன்பவல்லி என்ற தோணியார் பெண்ணின் கைக்குழந்தை ஏணைத் தொட்டிலோடு போனது.

இந்த மாரியில், அன்று காலையில், தண்ணீர் அருந்தவத்தின் வாசற்படியைத் தொட்டது.

சுகிர்தா மேட்டுநகரில் நீரியல் படித்தவள். படித்து முடித்து வந்து, சமரச மண்டபத்துக்கு எதிரே வேலையற்ற பட்டதாரிகள் போட்ட கூடாரத்தில் வருசக்கணக்காகக் குந்தியிருந்தவள். கூடாரம் கிழிந்தது, வேறு கட்டினார்கள். கட்டியதும் கிழிந்தது. படிக்காமலே ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது பணிப்பாளர்களாக வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்கும் களைப்பு வந்தது.

“பிள்ளை எந்தப் பக்கம்?” என்றார் பிடி அமைச்சர்.

“கழனியார் பக்கம்.”

“அப்ப என்னட்ட ஏன் வந்தனீர்? உங்கட ஆளைக் கேளும்.”

“அவரிட்டக் கேட்டா தகடுதான் இருக்கு எண்டுவார். தகட்டை வச்சு என்ன செய்யிறது ஐயா, ரொட்டி சுடுறதா?”

பிடி அமைச்சருக்குச் சிரிப்பு வந்தது. தகட்டு அமைச்சர் சிரிக்காததால் அவர் தாராளமாகவே சிரித்தார்.

தகட்டு அமைச்சர் தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, இந்தத் தகடு சும்மா வந்ததில்லை. நம்மட சனம் உயிரைக் குடுத்து வாங்கினது.”

“உயிரைக் குடுத்த ஆக்கள் மயானத்தில கிடக்கினம். நீங்கள் கதிரையில இருக்கிறீங்கள்.”

“இதுதான் படிப்பிச்சு விட்டதுக்குக் கைமாறு” என்றார் அவர், பிடி அமைச்சரைப் பாராமல் பிடி அமைச்சரிடம்.

“இண்டைக்குப் பின்னேரம் கடல் வத்தும்” என்றாள் சுகிர்தா. “அப்ப வெட்டினாத்தான் தண்ணி இழுபடும். விட்டா இந்த முறை இடுப்பளவு இல்லை, கூரையளவு. ரெண்டு ஊரும் போகும். நான் சண்டைக்கு வரேல்லை. தகட்டை இவர் தரட்டும், பிடியை நீங்கள் தாங்கோ. வெட்டிப்போட்டுக் கழுவித் திருப்பித் தாறன்.”

“தந்தாலும் ஆடும்” என்றார் பிடி அமைச்சர். அவர் போருக்கு முன்பு மண்வெட்டி பிடித்தவர். குரலில் அது கொஞ்சம் மிச்சம் இருந்தது. “ஆப்பு இல்லாமல் தகடு பிடியில நிக்காது, பிள்ளை. கழண்டு உம்மட காலிலதான் விழும்.”

“ஆப்பு எங்க?”

இரண்டு அமைச்சர்களும் மண்டபத்தின் மூன்றாவது கதிரையைப் பார்த்தார்கள். அது மற்ற இரண்டையும் விட உயரம். அதில் மேட்டுநகரிலிருந்து அனுப்பப்பட்ட ஆளுநர் அவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். முன்பு படைத்தளபதியாக இருந்தவர். அமைதியை மிகவும் விரும்பினார், முக்கியமாகப் பகலுணவுக்குப் பிறகு.

“ஆப்பு பத்திரமாக உள்ளது” என்றார் ஆளுநர், கண்ணைத் திறக்காமல். “பேரரசரின் கருவூலத்தில் உள்ளது. களப்புக்கரை மக்கள் ஒற்றுமையாகி ஒரே குரலில் கேட்கும் நாளில் அது அனுப்பிவைக்கப்படும். அதற்கான பல்லக்குக்கூடத் தயார்.”

“ஒருக்கா ஒரே குரலில கேட்டமே” என்று பிடி அமைச்சர் முணுமுணுத்தார்.

“கேட்டீர்கள். இரு சனமும் இரகசியமாகக் கூடிச் சதி செய்ததற்கு அதுவே சான்று என்று உங்கள் அமைச்சர் மன்றம் கலைக்கப்பட்டது. கருணையின் பேரில் மீண்டும் அமைக்கப்பட்டது. அந்தக் கருணையை நீங்கள் மறக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.”

அமைச்சர்கள் மறக்கவில்லை என்பது அவர்கள் இருந்த இருப்பில் தெரிந்தது.

சுகிர்தா மூன்று கதிரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆப்பு என்பது பூவரசங்கொம்பில் விரலளவு ஒரு துண்டு. சின்ன வயதில் தாய் வயல் வரம்பில் குந்தியிருந்து, கதை பேசிக்கொண்டே கத்தியால் சீவி எறிகிற துண்டு. அதற்குப் பல்லக்கு.

“மகள்” என்றார் ஆளுநர். இப்போது கண்ணைத் திறந்திருந்தார். “உன் கல்வியையும் துணிவையும் அரசு மதிக்கிறது. உன்னைப் போன்ற இளையோர் வெளியில் நிற்பதுதான் எங்கள் கவலை. அமைச்சர்களே, ஏதாவது ஒரு பதவி?”

அதன்பின் நடந்தது அந்த மண்டபத்தில் முன்பு நடந்ததில்லை. தகட்டு அமைச்சரும் பிடி அமைச்சரும் கதிரைகளை நகர்த்தி, தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். திட்டுக்கு வராத ஒற்றுமை, வெள்ளத்துக்கு வராத ஒற்றுமை, ஒரு பெட்டையின் வாயை அடைப்பதற்குச் சட்டென்று வந்துவிட்டது. நிமிர்ந்தபோது இருவரும் ஒருசேரப் பேசினார்கள்.

“மண்வெட்டி ஒருங்கிணைப்பு ஆலோசகர்.”

“தகடும் பிடியும் கொள்கையளவில எப்பிடிச் சந்திக்கலாம் எண்டு ஆராயோணும்” என்றார் தகட்டு அமைச்சர். “அவசரமில்லை.”

“வேலை பாக்கிற கந்தோர் மேட்டில. தண்ணி வராது” என்றார் பிடி அமைச்சர். “வீடும் அங்கயே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும். ஒண்டே ஒண்டுதான், அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லப்படாது.”

“சொன்னா?”

“சொன்னா என்ன, செஞ்சா என்ன” என்றார் தகட்டு அமைச்சர், உண்மையான இரக்கத்தோடு. “முழு மண்வெட்டி பிடிச்ச ஆள் கழனியாரும் இல்லை, தோணியாரும் இல்லை. எந்தப் பங்கிலயும் இடமில்லை. சாகும் வரைக்கும் ஒரு பியோன் வேலைகூடக் கிடைக்காது. உம்மட கொம்மா உம்மைப் படிப்பிக்க என்ன பாடுபட்டவ எண்டு யோசியும்.”

அவள் யோசித்தாள். யோசிக்காமல் இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. மேட்டில் ஒரு வீடு. காய்ந்த நிலம். அருந்தவம் அயலட்டைக்கு, “மகள் கந்தோருக்குப் போயிட்டாள்” என்று சொல்கிற ஒரு காலை. அந்த ஒரு வசனத்துக்காகவே தாய் உழைத்து உழைத்துக் கையெல்லாம் காய்த்துப்போனவள். அதைச் சொல்ல அவளுக்கு இனி ஒரு சந்தர்ப்பம் வரப்போவதில்லை.

“கேக்காமல் செய்தன் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது” என்றாள் சுகிர்தா. “அதுக்குத்தான் வந்தனான். கேட்டாச்சு.”

“என்ன செய்யப்போகிறாய்?” என்றார் ஆளுநர்.

அவள் திரும்பினாள். கதவை நோக்கி நடந்தாள். பின்னால், ஆலோசகர் பதவி காலியாகிவிட்டதால் அது இனி யார் பங்கில் சேரும் என்று தகட்டு அமைச்சர் கேட்பதும், முதலில் கழனியார்ப் பெண்ணுக்குக் கொடுத்ததால் இது தோணியாரின் முறை என்று பிடி அமைச்சர் சொல்வதும், மேசை தட்டப்படுவதும் கேட்டது. ஆளுநரின் குரல் கேட்கவில்லை. அவர் மறுபடி கண்ணை மூடியிருக்கவேண்டும்.

சுகிர்தாவோடு கூட வந்திருந்த இன்பவல்லி படிக்கட்டில் சேலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு குந்தியிருந்தாள். தண்ணீர் கடைசிப் படிக்கு வந்திருந்தது.

“தந்தாங்களா?”

“வேலை தந்தாங்க, அக்கா.”

இன்பவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எடுத்தியா?”

“இல்லை.”

“விசரி” என்றாள் இன்பவல்லி. எழுந்து சேலையை உதறினாள். “கொம்மா?”

“திட்டில நிக்கிறா. கூரையில ஒளிச்சு வச்ச மண்வெட்டியை விடியவே இறக்கிப்போட்டம். தகடு கொஞ்சம் துரு. ஆப்பு வாசற்படித் தண்ணியில ஊறி, தானா இறுகிப்போய்க் கிடக்கு. அசைச்சாலும் அசையாது.”

“எங்கட வீட்டுக் கூரையிலயும் ஒண்டு கிடந்தது” என்றாள் இன்பவல்லி, ஒன்றும் பெரிதாகச் சொல்லாதவள் போல. “பக்கத்து வீட்டிலயும். எல்லாரும் காலமைதான் ஆளுக்காள் சொன்னவை. இவ்வளவு நாளும் ஒருத்தரும் மூச்சு விடேல்லை.”

சுகிர்தா மண்டபத்தின் ஓட்டுக் கூரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. நேரமிருந்தது, அதிகம் இல்லை.

“கடைசி வெட்டு எங்கட” என்றாள் இன்பவல்லி பின்னால் வந்தபடி. “இப்பவே சொல்லிப்போட்டன்.”

“அங்க போய்ச் சண்டை பிடிப்பம், நடவுங்கோ.”