பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டிய எஞ்சின்

படிக்காதவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பொருளைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, அது தனக்குத் தெரியும் என்று நம்புகிறவர்களால்தான் ஆபத்து. வேறு யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டுத் திருவண்ணாமலையில் வீட்டோடு இருந்தேன். (சும்மா இருந்தேன் என்று எழுதினால் அந்தக் காலத்துக் கஸ்தூரி, அதாவது அன்றைய நான், சண்டைக்கு வருவாள்.) மூன்று வருடப் படிப்பில் நீராவி எஞ்சினின் படத்தை நாற்பது தடவையாவது வரைந்திருப்பேன். பாகங்களைக் குறித்து, அம்புக்குறி போட்டு, பத்துக்குப் பத்து மார்க். ஒரு எஞ்சினையும் கையால் தொட்டதில்லை. தொடவேண்டிய அவசியமே தோன்றவில்லை, படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

எங்கள் மாடியறையில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். எல்லாவற்றையும் துறப்பதற்காக மலையைத் தேடி வந்தவர். துறந்ததையெல்லாம் எங்கள் மாடியிலேயே போட்டுவிட்டு, "இனி உங்களுடையது" என்று அப்பாவிடம் சொல்லிக் காசிக்குக் கிளம்பிவிட்டார். கிழிந்த கொசுவலை, ஒற்றைச் செருப்பு, அவற்றோடு ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு முழ நீளத்தில் பொம்மை நீராவி எஞ்சின். பலகைமேல் பித்தளை பாய்லர், அதற்கடியில் ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் கட்டைவிரல் அளவு சிலிண்டர், அதோடு சேர்ந்த ஒரு சக்கரம். உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. சக்கரம் அசையவே இல்லை.

"இதை நான் ஓட வைக்கிறேன்" என்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை.

அதே மாதம்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மணிலாக் கடலை பயிர் செய்கிற குடும்பம். பையன் சேகருக்குக் காட்பாடி ரயில்வே ஸ்டேஷனில் வேலை. காட்பாடிக்குப் பக்கத்தில் வேலூர். வேலூரில் எம்.எஸ்ஸி. படிக்கலாம். மாப்பிள்ளையின் போட்டோவை நான் பார்த்ததைவிட வேலூர் பஸ் நேரங்களை அதிகம் பார்த்தேன். எப்படியாவது இந்த இடம் முடியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். முடிக்கிற வழியும் எனக்கே தெரிந்தது. ரயில்வேக்காரர் வீட்டாருக்கு நீராவி எஞ்சினைக் காட்டினால் மயங்காமல் என்ன செய்வார்கள்? (அவர் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் உட்காருகிறவர் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

வேலையில் இறங்கினேன். எஞ்சினை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். சோற்றில்கூட மண்ணெண்ணெய் வாசனை வந்தது. பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்தேன். பிஸ்டன் தளர்ந்திருந்ததால், அம்மாவின் ஸ்டவ் திரியை உருவி அந்த நூலைச் சுற்றி இறுக்கினேன். தேங்காயெண்ணெய் விட்டேன். ஐந்தாம் நாள் சக்கரம் சுற்றியது. நான்கு சுற்று. பிறகு பாய்லர் உச்சியிலிருந்த ஒரு குமிழ் வழியாகப் புஸ்ஸென்று ஆவி வெளியேற, எஞ்சின் நின்றுவிட்டது.

அந்தக் குமிழை நான் பார்த்த பார்வை இருக்கிறதே! கையும் களவுமாகப் பிடித்த திருடனைப் பார்க்கிற பார்வை. என் ஆவியெல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தானே போகிறது?

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு நேராகத் தேரடி வீதியில் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எதுக்குங்க அடைக்கச் சொல்றீங்க? இன்னாத்துக்கோ வேணும்னுதானே வெச்சிருப்பான்?"

"அது தேஞ்சு ஒழுகுதுங்க. நான் பிசிக்ஸ் படிச்சிருக்கேன்."

"அப்ப சரி, எனக்கின்னா" என்று ஈயத்தைக் காய்ச்சிக் குமிழைச் சுற்றிப் பற்று வைத்துவிட்டார். வீட்டில் பால் புகட்டும் சங்கு அளவு ஸ்பிரிட் விட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு நிமிஷம் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. என் தங்கை மல்லிகா கைதட்டினாள். அதற்குமேல் சோதிப்பது கோழைத்தனம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் எட்டுப் பேர் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி முடிந்தது. சேகரின் அம்மா மாம்பழக் கலர்ப் பட்டில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டார்.

"பாட்டு கீட்டு பாடுவியாம்மா?"

மல்லிகா நன்றாகப் பாடுவாள். எனக்கோ பாடுகிற பெண்களைக் கண்டாலே இளக்காரம்.

"பாட்டெல்லாம் வராதுங்க. எஞ்சின் ஓட்டுவேன்."

அப்பா முகம் போன போக்கைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. எஞ்சினைக் கொண்டுவந்து அவர்கள் எதிரே மேஜைமேல் வைத்தேன். ரயில்வேக் குடும்பத்துக்கு ஒரு நிமிஷ ஓட்டம் போதுமா? பாய்லர் வழிய வழியத் தண்ணீர், விளக்கு நிறைய ஸ்பிரிட். பற்ற வைத்தேன்.

சக்கரம் சுற்றவில்லை. ஸ்டவ் திரி நூல் ஊறி உப்பிப் பிஸ்டனைக் கவ்விக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. "கொஞ்சம் சூடேறணுங்க" என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல் ஆவியின் உள்ளுறை வெப்பத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். எட்டுப் பேரும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேஜை லேசாக நடுங்கியது. நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

சேகர் மட்டும் குனிந்து பார்த்தார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"ஏங்க, இதுல சேஃப்டி வால்வு எங்க இருக்குது?"

நாற்பது தடவை வரைந்த படம் அப்போதுதான் கண்முன் வந்தது. பாய்லர் உச்சி. அம்புக்குறி. காப்பு வால்வு.

"அது... ஒழுகுச்சுங்க. அடைச்சிட்டேன்."

அவர் தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்திருப்பார், அதற்குள் டமார்! ஈயப் பற்று பிய்ந்து, குமிழ் மேலே பறந்து பல்பை உடைத்தது. பின்னாலேயே மண்ணெண்ணெய், புளி, களிம்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் கலந்த கறுப்புத் தண்ணீர் உத்தரம் வரை பீய்ச்சியடித்து அந்த அம்மாள் தலையில் இறங்கியது. நல்லவேளை, மேலே போய்த் திரும்பி வருவதற்குள் சூடு ஆறியிருந்தது. யாருக்கும் காயமில்லை. நெற்றிப் பொட்டு மட்டும் மூக்குவரை வழிந்திருந்தது. முந்தானையால் முகத்தை மறைக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர் வாயிலிருந்த புளித்தண்ணீரைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"குக்கர் வெயிட்டை அமுக்கிப் புடிச்சா இன்னா ஆவும்னு எனக்கே தெரியும். நான் மூணாங்கிளாசு. நீ இன்னாம்மா படிச்சிருக்கே?"

"பிசிக்ஸ்" என்றேன். அந்த நேரத்திலும் பொய் சொல்ல வரவில்லை.

மல்லிகாதான் ஓடிப்போய் வெந்நீரும் துண்டும் கொண்டுவந்து, அவர் முகத்தைத் துடைத்து, தன் புடவையைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் செய்து அனுப்பினாள். நான் பல்புச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்து படுத்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் பதில் சொல்லி அனுப்பவில்லை. மறுவருடம் எனக்குப் போளூரில் கல்யாணமானது. மாப்பிள்ளை தமிழாசிரியர். எங்கள் வீட்டில் திருகாணி உள்ள பொருள் எதையும் நான் கழற்றக் கூடாது என்பதுதான் அவர் கேட்ட ஒரே சீர். எம்.எஸ்ஸி. படிக்கப் போகவில்லை. கேட்க எனக்கு வாய் எழவில்லை.

அதற்கடுத்த வருடம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மறுபடி வேன் வந்தது. துண்டு கொடுத்த சின்னப் பெண்ணைக் கேட்டு வந்திருந்தார்கள்! மல்லிகாவுக்கும் சேகருக்கும் கல்யாணம் முடிந்தது. வேலூருக்கு அனுப்பி அவளைப் படிக்கவும் வைத்தார்கள். இப்படியாக நான் அபிஷேகம் செய்த அம்மாள் எனக்கு வாழ்நாள் உறவாகிவிட்டார். எந்த விசேஷத்திலும் என்னைக் கண்டால், "பெரிய பொண்ணு வந்துட்டா, அடுப்பைப் பாத்துக்குங்கடி!" என்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். எழுந்துபோய் முகம் கழுவுகிற மாதிரி நடித்துக் காட்டுவதற்கென்றே சேகர் ஒரு துண்டோடு வருவார்.

போன மாதம் மல்லிகாவின் பேத்திக்குக் காது குத்தினார்கள். அந்த அம்மாளுக்கு இப்போது எல்லாமே மறந்துவிட்டது. சேகரையே, "யாருப்பா நீ, எந்த ஊரு?" என்று கேட்கிறார். மல்லிகாவை நர்ஸ் என்று நினைக்கிறார். நான் தைரியமாகப் பக்கத்தில் போய், "என்னைத் தெரியுதுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.