கயிற்றை இழுத்தால் சாம்பார் நிற்கும்

ஒரகடத்துக் கம்பெனிகள் அத்தனையையும் ஒற்றைக் கையால் நிறுத்தக்கூடிய ஒருவர் உண்டென்றால், அவர் வடக்குப்பட்டு முதியோர் இல்லத்தில் என் பக்கத்துக் கட்டில்காரர்தான். கார் பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. 'லைன் ஸ்டாப்' என்றால் சமையல்காரர் நடுங்குவார்!

அந்தக் கம்பெனியில் குறை கண்டவர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், பாகங்கள் ஓடும் மொத்த லைனும் நிற்குமாம். இங்கே வந்த மறுநாளே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மணியைக் கட்டிக் கயிற்றைத் தொங்கவிட்டுவிட்டார்.

"சேக்கும்போது இன்னா சொன்னாங்க? சுடுதண்ணி, சலவை, டாக்டரு, குளிக்க வைக்க ஆளு. ஒண்ணு கொறைஞ்சாலும் இஸ்து வுடு சார்!"

சாம்பாரில் உப்பில்லையா? டங்! எல்லார் கையும் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. சலவையிலிருந்து என் வேட்டிக்குப் பதில் யாருடைய நைட்டியோ வந்ததா? டங்! டாக்டர் கையைத் தொடாமலே "பிரஷர் நார்மல்" என்றாரா? டங்! அன்று டாக்டருக்குத்தான் பிரஷர் ஏறியது.

திருநெல்வேலிக்கார மேட்ரனுக்குப் பொறுக்கவில்லை. "இனி ஒருக்கா கயித்தத் தொட்டிய, ஒங்க மவனைக் கூப்பிட்டு அனுப்பி வச்சிருவேன், ஆமா!"

மனிதர் அடங்கிப்போனார். பென்னலூர் வீட்டில் மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போய்விட்டால் சுவரோடுதான் பேச வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு இடுப்பில் ஆபரேஷன். தனியாகக் குளிக்க முடியாது. இன்னொருவர் முன் அவிழ்த்துப்போட்டு நிற்க வெட்கம். "குளிச்சாச்சு, குளிச்சாச்சு" என்று பவுடரைக் கொட்டிக்கொண்டு சமாளித்தேன். ஆளும் அனுப்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஒரு காலை, இட்லி நேரத்தில், டங்!

"இப்ப என்ன கொறையக் கண்டிய?" மேட்ரன் கையில் போன்.

"சார் குளிக்கவேயில்ல மேடம். வெறும் பவுடரு."

"அவரு குளிச்சாச்சுன்னாருல்லா? சார், நீங்களே சொல்லுங்க."

கூடமே என்னைப் பார்த்தது. என் மானமா, அவர் கட்டிலா? வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், பிடித்தேன் கயிற்றை. டங்!

"குளிக்கல! குளிக்க வைக்க ஆள் வேணும்! பக்கத்துக் கட்டில் காலியாகக் கூடாது!"

மேட்ரன் போனைப் பையில் போட்டார். "மொதல்ல சுடுதண்ணி வைக்கச் சொல்லுதேன்."

இப்போது தினமும் ஒருவர் வந்து என்னைக் குளிக்க வைக்கிறார். லைன் ஸ்டாப் வாசலில் நின்று, "காதுக்குப் பின்னாடி சோப்பு போடுப்பா!" என்று செக் செய்கிறார்.

நான் கதவைச் சாத்தச் சொல்வதில்லை.