பெருச்சாளியும் கப்பல் காசும்

ஒரு காட்டில், காடு என்றதும் சிங்கம் புலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், ஆறு போய்க் கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று முன்னால் சவுக்கும் முந்திரியுமாக வளர்ந்து கிடக்கிற ஒரு சின்னக் காட்டில், வைரக்கண்ணு என்று ஒரு பெருச்சாளி இருந்தது. மகா கஞ்சம். கடலையை உடைத்தால் பருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தோலைத் தின்று பசியாறுகிற ரகம். விருந்தாளி யாராவது வருவது தெரிந்தால் விளக்கை அணைத்துவிட்டு, "வீட்டுல யாரும் இல்லீங்க, ஊருக்குப் போயிருக்காங்க" என்று தானே குரல் கொடுக்கும்.

அதையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. ஐப்பசி பிறந்தால் அந்தக் காட்டில் மழை பிடித்துக்கொள்ளும். தை பிறக்கிறவரை வெளியே தலை காட்ட முடியாது. வளைக்குள் கடலை இருந்தால் குடும்பம் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினிதான். வைரக்கண்ணுக்குத் தையலம்மா என்று ஒரு மனைவி, எப்போது பார்த்தாலும் வாயைத் திறந்துகொண்டே இருக்கிற ஒரு பட்டாளம் குட்டிகள். கஞ்சத்தனம் வராமல் என்ன செய்யும்?

ஆவணி மாதத்தில் ஒரு நாள், கழுத்தில் டை கட்டின கொக்கு ஒன்று வளை வாசலில் வந்து ஒற்றைக் காலில் நின்றது. கப்பல் கம்பெனியில் வேலையாம்.

"உல்லாசக் கப்பல் பயணம் ஐயா. ஆத்துல ஏறி, கடலைச் சுத்திட்டுத் திரும்பக் கொண்டாந்து விட்டுருவோம். டிக்கெட் இலவசம்."

"இலவசம்னா யாரு காசு?" என்றது வைரக்கண்ணு.

"கம்பெனி காசுதான். கப்பல்ல சாப்பிடுவீங்க, ஊஞ்சல் ஆடுவீங்க, மசாஜ் பண்ணிக்குவீங்க, போட்டோ எடுப்பீங்க. அந்தச் செலவுக்கு மட்டும் இப்பவே கடலையைக் கட்டிடலாம். நாங்க அதைக் கப்பல் காசா மாத்தி உங்க கைப்பட்டையில ஏத்திருவோம். முன்கூட்டியே கட்டுறவங்களுக்குப் பத்துக்கு ஒண்ணு நாங்களே சேர்த்துப் போடுறோம்."

"நான் செலவே பண்ணலைன்னா?"

"அது உங்க இஷ்டம் ஐயா."

கொக்கு பொய் சொல்லவில்லை, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னது. கேட்காத கேள்விக்கு அது ஏன் பதில் சொல்ல வேண்டும்?

வைரக்கண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்கு வைத்திருக்கிற கடலை மொத்தத்தையும் கட்டிவிடுவது. கப்பலில் ஒரு பைசா செலவழிக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவது. திரும்பி வந்ததும் போட்டதையும், பத்துக்கு ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்வது. இதுதான் அதன் திட்டம். உல்லாசத்துக்குக் கட்டுகிற பணத்தை வங்கியில் போடுகிற பணமாக நினைத்த முதல் பெருச்சாளி அதுதான்.

"சும்மா உக்காந்திருந்தாலே கடலை குட்டி போடுது புள்ள" என்றது மனைவியிடம்.

"நமக்குக் குட்டி போட்டது போதாதா?" என்றது தையலம்மா. "மழைக்கு வெச்சிருக்கிறதை எடுத்து எவனோ ஒரு கொக்குக்கிட்ட குடுப்பாங்களா?"

"டை கட்டியிருக்கு, பாத்தேல்ல?"

"கார்த்திகை மாசம் பசிச்சா அந்த டையையா பிச்சுத் திங்கிறது?"

கேட்டால்தானே. வளை சுத்தமாகக் காலியானது. வைரக்கண்ணின் முன்னங்காலில் ஒரு பச்சை நிறக் கைப்பட்டை ஏறியது. கப்பலில் எது வேண்டுமென்றாலும் அதை இன்னொரு பட்டையில் தட்டினால் போதும், டொய்ங் என்று ஒரு சத்தம் வரும், காசு இங்கிருந்து அங்கே போய்விடும்.

கப்பலில் காடே ஏறியிருந்தது. பத்துக்கு ஒன்று என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? முயல் தனக்கோடி ஊஞ்சலை விட்டு இறங்கவே இல்லை. உடும்பு மாசிலாமணி குப்புறப் படுத்து மசாஜ் செய்துகொண்டே இருந்தது. நாலாபக்கமும் டொய்ங், டொய்ங். வைரக்கண்ணு மட்டும் தையலம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை மேல்தளத்தில் ஒரு மூலையில் பிரித்து வைத்துக் குடும்பத்துக்குப் பங்கு போட்டது.

"அப்பா, ஐஸ்கிரீம்" என்றது ஒரு குட்டி.

"பாத்தாச்சுல்ல? பாத்ததே சாப்பிட்ட மாதிரிதான்."

அதற்கென்று இருந்த ஒரே உல்லாசம், தினமும் காலையில் கவுண்டர் வரிசையில் போய் நிற்பது. கவுண்டரில் ஒரு ஆமை. வரிசை நகரவே நகராது. தன் முறை வந்ததும் வைரக்கண்ணு பட்டையை நீட்டும். "மீதி எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க." ஆமை பார்த்துச் சொல்லும். குறையவே இல்லை என்று கேட்டதும் வைரக்கண்ணுக்கு வயிறு நிறைந்துவிடும். மறுநாளும் வந்து நிற்கும்.

கடைசி நாள் சாயங்காலம் கொக்கு மைக்கைப் பிடித்தது.

"பயணிகளின் கவனத்துக்கு. நாளைக் காலையில் கப்பல் கரையைத் தொட்டதும் உங்கள் கைப்பட்டையில் மீதமிருக்கும் கப்பல் காசு காலாவதியாகிவிடும். இருப்பதைச் செலவழித்து மகிழுங்கள்."

வைரக்கண்ணு வரிசையை எல்லாம் பார்க்கவில்லை. எல்லோர் காலுக்கு நடுவிலும் புகுந்து கவுண்டருக்கு ஓடியது.

"என் கடலையைத் திருப்பிக் குடுங்க."

"கடலையா?" என்றது ஆமை. "கப்பல்ல கடலை கிடையாதுங்களே. காசுதான் இருக்கு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை? தினம் வந்து உங்க முன்னாடி நிக்கிறேனே."

"மீதி எவ்வளவுன்னு கேட்டீங்க, சொன்னேன். மீதி என்ன ஆகும்னு கேக்கலையே."

"சரி, மழைக்கு எடுத்து வெக்கிற மாதிரி ஏதாச்சும் குடுங்க."

ஆமை ரொம்ப நேரம் யோசித்தது. "ஐஸ்கிரீம் இருக்கு. மசாஜ் இருக்கு. போட்டோ வேணா பெருசாப் போட்டுத் தரலாம்."

வைரக்கண்ணு திரும்பி வந்து புளிச்சோற்று மூலையில் உட்கார்ந்தது. தையலம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அது குட்டிகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்தது வைரக்கண்ணு. இந்தக் குட்டிகளில் எத்தனை தையைப் பார்க்கும் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சியபோது சமையல் கட்டிலிருந்து வாசனை வந்தது. அழுகை பாதியில் நின்றது.

"புள்ள, நாம இதுவரைக்கும் மொய் விருந்து வெச்சிருக்கோமா?"

"நாமளா? யாரு வெச்சாலும் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கோம்" என்றது தையலம்மா.

மொய் விருந்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காட்டில் ஒருவருக்குக் கடலைத் தட்டுப்பாடு வந்தால் கை நீட்டிக் கேட்க மாட்டார்கள். ஊரைக் கூப்பிட்டு விருந்து போடுவார்கள். சாப்பிட்டவர்கள் சும்மா எழுந்து போக முடியாது, ஆளுக்கு இவ்வளவு என்று மொய் செய்ய வேண்டும். நாளைக்கு அவர்கள் விருந்து வைத்தால், வாங்கியதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாதவர் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். வைத்த மொய்யை வேண்டாம் என்று சொல்வதும் கிடையாது. அதைவிட அவமானம் அந்த ஊரில் இல்லை.

காலாவதியாகப் போகிற காசில் ஊருக்கே சோறு போடுவது. தின்ற ஒவ்வொருவரிடமும் கரையில் இறங்கினதும் நிஜக் கடலையாக மொய் வாங்கிக்கொள்வது. திருப்பிச் செய்வது என்றைக்கோ வரப்போகிற கதை. வைரக்கண்ணு நிமிர்ந்து எழுந்தது. அப்படி நிமிர்ந்து நடந்ததைத் தையலம்மா கல்யாணத்தன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை.

"சமையல் கட்டுல இருக்கிறது மொத்தமும் வேணும்" என்றது ஆமையிடம்.

"மொத்தமுமா?"

"ஒரு பருக்கை மிச்சம் இருக்கக் கூடாது."

டொய்ங் என்றது பட்டை. இத்தனை நாள் கட்டிக் காத்த காசு ஒரு சத்தத்தில் போய்விட்டது. வைரக்கண்ணு கொக்கிடமிருந்து மைக்கை வாங்கி, உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து விருந்தைச் சிறப்பிக்க வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது. வைரக்கண்ணு சோறு போடுகிறது என்ற செய்தியை யாரும் முதலில் நம்பவில்லை. அப்புறம் வாசனையை நம்பி வந்தார்கள்.

கீரைப் பொரியல், பழக்கலவை, நூடுல்ஸ், மேலே ஐஸ்கிரீம் என்று இலை நிறைந்தது. வைரக்கண்ணு இலை இலையாகப் போய், "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்று உபசரித்தது. குட்டிகள் முதல் தடவையாக ஐஸ்கிரீமை நாக்கால் பார்த்தன. பந்தி முடிந்ததும் வைரக்கண்ணு வாசலில் நின்றுகொண்டது.

முதலில் வந்தது முள்ளம்பன்றி செல்லாயி. "அண்ணே, சாப்பாடு பிரமாதம். மொய் செய்யணும், பட்டையைக் காட்டுங்க."

"பட்டை எதுக்கும்மா? கரையில இறங்கி மெதுவாக் கடலையா குடுத்தாப் போதும்."

"விருந்தைத் தின்னுட்டு மொய்யைக் கடன் சொல்றதா? என்னை அப்படிப்பட்டவள்னு நினைச்சீங்களா அண்ணே?"

சொல்லிக்கொண்டே செல்லாயி தன் பட்டையை வைரக்கண்ணின் பட்டையில் தட்டிவிட்டது. டொய்ங். வைரக்கண்ணு குனிந்து பார்த்தது. செல்லாயி ஊரில் கடலை கட்டி ஏற்றியிருந்த கப்பல் காசில் பாதிக்கு மேல் அப்படியே வந்து ஏறியிருந்தது.

அப்போதுதான் அதற்கு உறைத்தது. தான் ஒருத்தன்தான் ஏமாந்தோம் என்று நினைத்திருந்தது. ஊரே ஏமாந்திருந்தது. ஊஞ்சல் ஆடினார்கள், மசாஜ் செய்துகொண்டார்கள், ஆனால் எவ்வளவுதான் ஆட முடியும்? எல்லோர் பட்டையிலும் காசு கிடந்தது. விடிந்தால் வீண். வைரக்கண்ணுக்கு மொய்யாகச் செய்துவிட்டால் என்றைக்காவது நிஜக் கடலையாக, அதுவும் மேலே கொஞ்சம் சேர்த்து, திரும்பி வரும். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். "எனக்கு வேண்டாங்க, போதுங்க" என்று வைரக்கண்ணு பின்னால் நகர்ந்தது. மாசிலாமணி அதன் காலைப் பிடித்து இழுத்துத் தட்டியது. தனக்கோடி ஒரு தடவை தட்டிவிட்டு, என் தங்கச்சி பேர்ல ஒண்ணு என்று மறுபடி வந்து தட்டியது. ஆமை ஒவ்வொரு பேராக மைக்கில் வாசித்தது. சாட்சிக்கு ஊரே நின்றது.

"இப்ப எனக்கு ஏதாச்சும் சமைச்சுக் குடுங்க" என்று வைரக்கண்ணு ஆமையிடம் கெஞ்சியது.

"எல்லாத்தையும் நீங்கதான் வாங்கிட்டீங்களே. அடுப்பை அணைச்சாச்சு."

காலையில் கப்பல் கரையைத் தொட்டது. அந்தப் பக்கத்திலேயே பெரிய பணக்காரனாக இருந்த வைரக்கண்ணின் பட்டை கடைசியாக ஒரு தடவை டொய்ங் என்று சொல்லிவிட்டு இருண்டு போனது. வளையில் ஒரு கடலை இல்லை. அதோடு காடு முழுக்கக் கடன். தையில் ஆளாளுக்கு விருந்து வைப்பார்கள். திருப்பிச் செய்ய எதை வைத்து என்ன செய்வது?

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் பசியில் ஒன்றை ஒன்று கடித்தன. ஈரத்தில் வைரக்கண்ணுக்கு இருமல் வந்தது. ஒரு நாள் காலையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மொய்க்காரர்களோ என்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. நனைந்துபோய் செல்லாயி நின்றது.

"தையிலதானேம்மா விருந்து? இன்னும் நாள் இருக்கே" என்றது வைரக்கண்ணு.

"அதுக்கு வரலைண்ணே. உங்க இருமல் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லையேம்மா."

"இப்படி இருந்தா எப்படி? தைக்குள்ள உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் மொய்யை யாரு திருப்பிச் செய்வா?" என்று சொல்லி ஒரு கூடை கிழங்கையும் ஒரு சொம்பு கஷாயத்தையும் உள்ளே தள்ளியது.

செல்லாயி கிழங்கு கொடுத்தது மாசிலாமணி காதுக்குப் போனது. அது இரவு முழுக்கத் தூங்கவில்லை. நன்றிக் கடனுக்காக வைரக்கண்ணு செல்லாயிக்கு முதலில் செய்துவிட்டால் தன் கதி என்ன? விடிந்ததும் ஒரு மூட்டை கடலையோடு வந்தது. அந்தப் பக்கம் ஒரு சாரைப்பாம்பு நடமாட்டம் என்று கேள்விப்பட்டு, மழைக்காலம் முடிகிறவரை தானே வாசலில் காவல் படுத்துக்கொண்டது. தனக்கோடி தினமும் வந்து வைரக்கண்ணின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தது. தங்கச்சிக்காக இன்னொரு தடவை பார்த்தது. கார்த்திகைக்குள் குட்டிகள் உருண்டு திரண்டு வளை வாசலில் மாட்டிக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டன. வைரக்கண்ணுக்கு இருமல் எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வாசல் பக்கம் வந்து இருமிவிட்டுப் போனது.

பக்கத்து முந்திரி மரத்தில் ஒரு அணில் இருந்தது. கப்பலுக்கும் போகவில்லை, யாரிடமும் கை நீட்டவும் இல்லை, சேர்த்ததைப் பொந்தில் வைத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தது. கார்த்திகைப் புயலில் மரம் சாய்ந்து அவ்வளவும் வெள்ளத்தில் போய்விட்டது. வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தது. எல்லோரும் வைரக்கண்ணுக்குக் கஷாயம் கொண்டு போகிற அவசரத்தில் இருந்தார்கள். கடைசியில் அணில் வைரக்கண்ணின் வாசலுக்கே வந்தது.

"அண்ணே, ஒரு கை கடலை இருந்தாக் குடுங்க. பசி தாங்கலை."

வைரக்கண்ணு உள்ளே போய் ஒரு கைக்கு இரண்டு கையாக அள்ளிக்கொண்டு வந்தது. அணில் கண்ணில் நீர் வந்தது. "இந்த உதவியை..."

"உதவியெல்லாம் வேண்டாம் தம்பி, கடனா வாங்கிக்க" என்றது வைரக்கண்ணு. "சும்மா குடுத்தா நாளைக்கே உன்னை மறந்துருவேன். கடன்னாதான் நீ உயிரோட இருக்கியான்னு எனக்கு வந்து பாக்கத் தோணும்."

நீதி: மழைக்காலத்துக்குக் கடலையைச் சேர்த்து வைக்காதே. நீ கடலை தரவேண்டியவர்களைச் சேர்த்து வை. கொஞ்சம் இருமவும் பழகிக்கொள்.