மேற்படி கசிவு

நகரம் என்றிருந்தால் அதற்குப் பழம்பெருமை வேண்டாமா? கோயமுத்தூருக்கும் வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, வார்டுக்கு ஒரு மரபுச் சின்னத்தை மார்ச் முப்பத்தொன்றுக்குள் கண்டுபிடித்து அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. சின்னத்தின் வயது ஐம்பதுக்குக் குறையக்கூடாது, அந்த வயதுக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரமும் வேண்டும். உத்தரவு போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். ஆர்.எஸ்.புரத்தின் அந்த வார்டில் இருந்த பழைய பங்களாக்களையெல்லாம் இடித்து நகைக்கடையும் பட்டுக்கடையும் எழும்பி முடிகிறவரை பொறுமையாகக் காத்திருந்துதான் போட்டார்கள்.

உதவிப் பொறியாளர் அருள்குமார் தெருத்தெருவாக அலைந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வெறுத்துப்போய் ஆபீசுக்குத் திரும்பியவர் கண்ணில், ஆடுகிற பீரோவுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு தடித்த ஃபைல் பட்டது. உருவிப் பிரித்தார். அத்தனையும் ராசாத்தாள் வீட்டு மனுக்கள்.

ராசாத்தாள் வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டித் தெருக்குழாய் கசிகிறது. 1971-ல் அவள் மாமனார் முதல் மனு எழுதினார். அவர் போய்ச் சேர்ந்ததும் புருஷன் எழுதினார். அவரும் போனபிறகு அவளே எழுதுகிறாள். படுக்கிற அறைச் சுவர் ஊறி ஊறி, விரல் நுழைந்த விரிசலில் இப்போது கையே நுழைகிறது. அவளுக்கு இருப்பது அந்த ஒரு வீடு. அது தலையில் விழுவதற்குள் குழாயை அடைத்துக்கொடுங்கள் என்பதைத் தவிர அவள் இந்தச் சர்க்காரிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

ஒரு நாள் மூன்று ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவழியாக வந்துவிட்டார்கள் என்று பூரித்துப்போய், காபி போட உள்ளே ஓடினாள் பாவம். டம்ளரோடு வெளியே வந்தால், விரிசல் விட்ட சுவரில் சுத்தியலால் அடித்துப் பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ‘மேற்படி கசிவு மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. இதனை அடைப்பதோ, திருத்துவதோ, துடைப்பதோ தண்டனைக்குரிய குற்றம்.’

“ஏனுங்க சார், அடைக்கச் சொல்லித்தானுங்க நாங்க எழுதுனது?”

“அதையேதானுங்கம்மா ஆதாரமா வெச்சிருக்கறோம். அம்பது வருசமா தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுப் பதிவான பொருள் இந்த வார்டுல வேற எது இருக்குதுங்க?” என்றார் அருள்குமார்.

“செவுரு உழுந்துருமுங்க.”

“செவுரு எங்க பிரிவுல வராதுங்கம்மா.”

சின்னம் தன் இயல்பில் தடையின்றித் தொடர வேண்டும் என்பது விதி. தெருவில் வீட்டுக் குழாய்களுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதை நம்பிக் கசிவை விடமுடியுமா? அதற்கென்று தனி வால்வு வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் விட்டார்கள். ஐம்பது வருடமாகக் குழாய் அடைக்க ஓர் ஆளை அனுப்பமுடியாத ஆபீஸ், கசிவுக்குக் காவலாக இரண்டு பேரையும் அளவெடுக்க ஒருவரையும் நியமித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மரபு நடை வேறு. கைத்தறிச் சேலையும் கழுத்தில் கேமராவுமாக வர்ஷினி என்ற பெண் நாற்பது பேரைக் கூட்டிவந்து பாசியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் அங்கே கால் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். “ஆன்ட்டி, இந்த விரிசலை மட்டும் பூசிராதீங்க, போட்டோவுல செம லுக்கு” என்று வர்ஷினி கெஞ்சியபோது ராசாத்தாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

தெருக்காரர்கள் முதலில் ரொம்ப வருத்தப்பட்டார்கள். வருஷாவருஷம் அவள் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லவா? நாலாவது நாள் எதிர்வீட்டு சுப்பண்ணன் கசிவுக்குக் கீழே ஒரு குடத்தை வைத்தார். வார முடிவில் முக்குக் கடை வரைக்கும் குடம் நின்றது.

ஐப்பசி மழையில் ஒரு காலை மேற்குச் சுவர் படுத்துவிட்டது. ராசாத்தாள் அடுக்களையில் இருந்ததால் பிழைத்தாள். கட்டில் செங்கல்லுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. பத்தே நிமிடத்தில் அருள்குமார் ஓடிவந்து, அவளைத் தாண்டிக்கொண்டு போய்க் குழாய்ப்பக்கம் குந்திப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கசிவுக்குச் சேதமில்லை.

பிறகு இரண்டு படிவங்களை நீட்டினார். கசிவால்தான் சுவர் விழுந்தது என்று ஒன்று. அதில் கையெழுத்துப் போட்டால் ஆபத்தான சின்னம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அன்று சாயங்காலமே குழாயை அடைத்துவிடுவார்கள், சுவரும் கட்டித்தருவார்கள். தன் முதுமையால் தானே விழுந்தது என்று இன்னொன்று. அதில் போட்டால் கசிவு தொடரும்.

“உங்க இஷ்டந்தானுங்கம்மா.”

ராசாத்தாள் முதல் படிவத்துக்குக் கை நீட்டினாள். குடத்தோடு நின்ற வரிசை முழுக்க அவள் கையையே பார்த்தது.

“அக்கா,” என்றார் சுப்பண்ணன், “செவுரை எப்ப வேண்ணாலும் கட்டிக்கலாமுங்க. தண்ணி போச்சுன்னா வருமுங்களா?”

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நீங்களெல்லாம் மனுஷங்கதானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அடுக்களை அண்டா காலியாக இருந்தது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வர இன்னும் ஆறு நாள் இருந்தது.

இரண்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒடுங்கிப்போன குடத்தை இழுத்தெடுத்துக்கொண்டு, தன் வீடுதானே என்ற நினைப்பில் நேராகக் கசிவுக்குப் போனாள்.

“வரிசை அங்கிருந்துங்க அக்கா. கடைசில போய் நில்லுங்க” என்றார்கள், ரொம்ப மரியாதையாக.